குதிரைப் பதிவேடு

நிறம். உயரம். வயது. சூட்டுக்குறி. பல்லின் தேய்மானம்.
ஒரு குதிரைக்கு ஐந்து கட்டங்கள்.
கல்மீக்கியப் புல்வெளியில் திரட்டிய டிவிஷனுக்கு
அதை எழுதியவன் நான்,
பஸாங் மூத்தலோவ்.
மசி உறைந்தால் பேனா முள்ளை
நாக்கில் வைத்து இளக்கிக்கொள்வேன்.
அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது.

சேணம் தாமதமாக வந்தது. வாள் வந்தது.
துப்பாக்கி, இருவருக்கு ஒன்று.
குதிரைகள் மட்டும் கேட்டதற்கு மேல்.
கிஷ்தியா, இளம் விதவை,
தன் செவலைப் பெட்டையை ஒப்படைத்துவிட்டு
நகராமல் நின்றாள்:
"சீட்டு கொடு."
கூட்டுப்பண்ணைச் சொத்துக்கு ஏது சீட்டு என்றேன்.
"பண்ணையுடையது இல்லை. என்னுடையது."
எழுதிக் கொடுத்தேன். எண் நானூற்றுப் பதினெட்டு.
டிவிஷன் முத்திரை, என் கையெழுத்து.

டான் ஆற்றங்கரையில்
குதிரைப்படை குப்புறப் படுத்துப் போரிட்டது.
பின்வாங்கும் சேனை எங்களைத் தாண்டிப் பாலம் கடக்க
நாங்கள் மண்ணைப் பிடித்துக் கிடந்தோம்.
குதிரைகள் பின்னால், ஆப்ரிகாட் தோப்பில்.
விமானங்கள் முதலில் தோப்பைத்தான் கண்டுபிடித்தன.
அன்றிரவு சிவப்பு மசி தீர்ந்தது.
பீட்ரூட் பிழிந்து கோடு அடித்தேன்,
இருநூற்றுப் பதினொரு கோடுகள்.
மனிதர்களின் ஏடு வேறொருவனிடம்.
அவன் எதைப் பிழிந்தானோ.

மிஞ்சியவர்களை வேறு டிவிஷனில் சேர்த்தார்கள்.
நானூற்றுப் பதினெட்டும் மிஞ்சினாள்.

நாற்பத்து நாலு, ஜனவரி. பனி முழங்கால்வரை.
ஒரு லெப்டினன்ட் பட்டியல் வாசித்தான்.
நிம்யா. எரெஞ்ஜென். ஸங்காஜி. பஸாங்.
எங்கள் பெயர்கள். எங்களுடையவை மட்டும்.
என் ஏட்டில் இல்லாத ஒரு கட்டம்
அவன் ஏட்டில் இருந்தது: இனம்.
இடுப்புவாரைக் கழற்றச் சொன்னார்கள்.
தொப்பியின் நட்சத்திரத்தை அவனே பிடுங்கினான்,
முகத்தைப் பார்க்காமல், மரியாதையாகத்தான்.
எங்கள் புல்லில் பிறந்து
எங்கள் மொழியில் அதட்டினால் மட்டும் நிற்கும் செவலை
கம்பத்தில் கட்டியபடியே நின்றாள்.
அவளை யாரும் அழைக்கவில்லை.
ஹங்கேரி வரை போனாளாம்.

நாங்கள் யூரல் போனோம், அணை கட்ட.
அங்கேயும் குதிரைகள். நாளுக்கு நாலு கிலோ ஓட்ஸ், அவற்றுக்கு.
ஒரு கைப்பிடி அள்ளியதற்கு நிம்யாவுக்கு
ஐந்து ஆண்டு கூடியது.
நான் அள்ளியது பிடிபடவில்லை.

புல்வெளியில் மிச்சமிருந்தவர்கள்,
குழந்தைகள், நிறைமாதக்காரிகள், எல்லோரும்
சரக்கு ரயிலில் சைபீரியாவுக்கு.
அதை எனக்குச் சொன்னது
திரும்பி வந்த என் கடிதத்தின் உறை.

ஐம்பத்தேழில் விட்டார்கள்.
எலிஸ்தாவில் ஓய்வூதிய அலுவலகம்,
தகரக் கூரை. அதிகாரி கேட்டான்:
போரில் இருந்ததற்கு ஆதாரம்?
டிவிஷன் பெயரைச் சொன்னேன். தேடினான்.
"அப்படி ஒன்று கோப்பில் இல்லை, தோழரே."

கிஷ்தியாவைச் சந்தையில் கண்டேன்.
ஓம்ஸ்க் குளிர் இரண்டு விரல்களைத் தின்றிருந்தது.
என்னைப் பார்த்ததும் ரவிக்கைக்குள் கைவிட்டு
எண்ணெய்த்துணியைப் பிரித்தாள்.
என் கையெழுத்து. முத்திரை. பதினாறு ஆண்டுகள்.
"அதைக் கொடு கிஷ்தியா, என் பிழைப்பு அதில் இருக்கிறது."
"குதிரையைக் கொடு, தருகிறேன்."

மறுநாள் அலுவலகத்துக்கு அவளே வந்தாள்.
ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தபடி நீட்டினாள், விடவில்லை.
அதிகாரி மேசைமேல் கவிழ்ந்து
உரக்க வாசித்தான்:
"செவலைப் பெட்டை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி.
ஐந்து வயது. நல்ல நிலையில்
பெற்றுக்கொண்டேன்."
வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

வெளியே வந்ததும் சீட்டை மடித்தாள், அதே மடிப்பில்.
"தீனி போட்டார்களா அவளுக்கு?"
"நாளுக்கு நாலு கிலோ ஓட்ஸ்" என்றேன்.
அது வேறு குதிரைகளின் கணக்கு.
அவள் தலையசைத்துவிட்டு
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.