காற்றுக்கும் எடை

நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் உயரம்
வகுத்தல் ஐயாயிரம்.
தொழில் தொடங்கியபோது யாரும் சொல்லித் தராத வாய்ப்பாடு.
முந்நூறு கிராம் நைட்டியைப்
பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினேன்;
இரண்டு கிலோ என்று பில் வந்தது.
மீதி ஆயிரத்து எழுநூறு கிராமும்
கிருஷ்ணகிரிக் காற்று.
கௌகாத்தி வரைக்கும்
என் காசில் விமானம் ஏறிப் போனது.

அந்த மாதம் காற்றுக்கு மட்டும்
பதினோராயிரத்துச் சொச்சம் கட்டினேன்.

பழையபேட்டை ஷெட்
முன்பு மாங்காய் மண்டி.
எத்தனை முறை கழுவினாலும்
சித்திரை பிறந்தால் சுவர் தானாகப் பழுக்கும்.
துணியில் மாம்பழ வாசம் என்று
ஒரு நட்சத்திரம் கொடுத்தாள் நாக்பூர்க்காரி.
அதே வாசத்துக்கு ஐந்து கொடுத்தாள் வேறொருத்தி.
பேக்கிங் மேசை,
மூலை உடைந்து கப்பலேறாத கிரானைட் பலகை.
கல்லுக்கு ஐந்நூறு,
தூக்கி வைத்தவர்களுக்கு எண்ணூறு.

அதற்கு முன் மூன்று வருடம்
சூளகிரிக் கிடங்கில் சரக்கு எடுத்தேன்.
விரலில் மாட்டிய ஸ்கேனர்
மணிக்கு நூற்றுப்பத்து கேட்கும்.
நூற்றெட்டு மஞ்சள்.
தொண்ணூறு சிவப்பு.
தூங்கும்போதும் கால்கள்
சி பிளாக்கில் நடந்துகொண்டிருக்கும்.
ஆனால் அங்கேதான் படித்தேன்:
ஓடுகிற சரக்கு வாசலோரம்,
சோம்பேறிச் சரக்கு கடைசி வரிசை;
இடம் மாறி வைத்த ஒரு கத்தரிக்கோல்
நாளில் நாற்பது நிமிடம் தின்னும்.

இப்போது பதினாறு பேருடைய சரக்கு என்னிடம்.
பர்கூர் நவாஸ் பாயின் நைட்டிகள்,
காவேரிப்பட்டணம் மேகலாவின் கேழ்வரகு மால்ட்,
முகமே காட்டாத ஓசூர்ப் பையன்கள் இருவரின்
செல்போன் உறைகள்.
மாலை ஆறரைக்குத் திம்மராயன் வண்டி.
ஆறு முப்பத்தொன்று என்றால் நாளை,
நாளை என்றால் அபராதம்.
டோல்கேட்டில் நெரிசல் என்று அவன் போன் செய்தால்
ஊருக்கெல்லாம் எரிச்சல்,
எங்களுக்குப் பிரசாதம்.
இன்னும் ஒன்பது பெட்டி கட்டலாம்.

திரும்பி வருபவற்றுக்குத் தனி அடுக்கு.
அளவு சேரவில்லை. வீடு பூட்டியிருந்தது.
நான் ஆர்டரே போடவில்லை.
ஒருமுறை செருப்புப் பெட்டிக்குள்
அரைச் செங்கல் வந்தது;
அதுதான் இன்று ஷெட் கதவுக்கு முட்டு.

தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது.
பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தபடி
கெம்பம்மா கேட்டாள்:
"அக்கா, குந்தறதுக்கு ஏதாச்சும் வாங்கிப் போடேன்."

வாய் திறப்பதற்குள்
தலைக்குள் எண் ஓடியது.
உட்கார்ந்து எழுந்தால் பெட்டிக்கு நாலு விநாடி,
ஆளுக்கு முந்நூற்றறுபது பெட்டி,
இருபத்துநாலு நிமிடம்,
மூன்று பேர்...
"இந்த சீசன் முடியட்டும்" என்று ஆரம்பித்தேன்.
அது என் குரலே இல்லை.
சூளகிரி சூப்பர்வைசர், வரிசை மூன்றின் முனையில்,
கையில் டீயோடு.
பாதியில் நிறுத்தி
விரலைப் பார்த்தேன்.
ஸ்கேனரைக் கழற்றி நாலு வருடம் ஆகிறது.

பெங்களூர் ரோடு பிளாஸ்டிக் கடையில் நாலு ஸ்டூல்,
பேரம் பேசி ஆயிரத்து நானூற்று எண்பது.
கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது?
தளவாடமா, பேக்கிங் செலவா?
ஆடிட்டர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

கை சும்மா இருக்கவில்லை.
டேப்பை எடுத்து ஸ்டூலை அளந்தேன்.
முப்பது, முப்பது, நாற்பத்தைந்து.
எட்டுக் கிலோ நூறு கிராம்,
முக்கால்வாசி காற்று.
அந்தக் காற்றின்மேல் உட்கார்ந்து
கெம்பம்மா அடுத்த பெட்டியை மடித்தாள்.

நாலாவது ஸ்டூல் எனக்கென்று வாங்கியது.
அதன்மேல் இப்போது
லேபிள் பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.