சுழிப்பிழை

பத்து நாள் பயிற்சி, பதினொரு பேர்.
வெள்ளக்கிணறு பிரிவில் இறங்கி
சின்னவேடம்பட்டி ரோட்டில் வரிசையாய் நடந்தோம்.
துப்பட்டா பைக்குள்.
லேத்தில் சிக்கும் என்று இன்பராஜ் சார்
இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

ஒப்பந்தம் முன்பே கையெழுத்தாகியிருந்தது.
தலைமையாசிரியையின் பச்சை மை,
சென்னியப்பன் பம்ப்ஸின் ரப்பர் முத்திரை, சற்றே சாய்ந்து.
எட்டாவது பத்தி: மாணவியரை உற்பத்தியில் ஈடுபடுத்தலாகாது.
ஒன்பதாவது: மதியச் சாப்பாடு கம்பெனியுடையது.
ஒன்பதாவதைத்தான் எல்லோரும் படித்திருந்தோம்.

குறிப்பேட்டில் நாளுக்கு ஒரு கட்டம்,
"இன்று கற்றது",
அகலம் இரண்டு விரல்.
முதல் நாள் எழுதினேன்: பாதுகாப்பு.
இரண்டாம் நாள்: கூலன்ட் வாடை தலைக்குக் குளித்தாலும் போகாது.
சூப்பர்வைசர் அதை அடித்துவிட்டு
மறுபடியும் பாதுகாப்பு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள்
சம்பூரணம் அக்கா கையில் வைத்தார்:
"மைக்ரோ. கீழ போட்றாத."
ஒன்பதாம் வகுப்பில் படம் வரைந்து
பாகம் குறித்த திருகு அளவி!
ரேஷன் கார்டில் ஒரு பேரும்
வீட்டில் ஒரு பேருமாய் இருக்கிற ஆளைப்போல
இங்கே வந்து நின்றது.

வாயை மூடிப் பார்த்தேன்.
சுழி சுழியில் இல்லை.
இரண்டு கோடு தள்ளி.
நேர்ச் சுழிப்பிழை என்று புத்தகத்தில் இருக்கும்.
சொன்னேன்; பாதி தொண்டையிலேயே நின்றது.

அக்கா லேத்தை நிறுத்தவில்லை.
"அது ரெண்டு பாயிண்ட் கூடத்தான் காட்டும் அம்மிணி.
நாங்க கழிச்சுக்குவம்."
எப்போதிருந்து?
"நான் சேரும்போதே அப்புடித்தான்."
அடுத்த மெஷினில் பீகார்க்காரன் பிர்ஜு
தமிழ் புரிந்ததோ இல்லையோ
இரண்டு விரலைக் காட்டி மடக்கினான்.

கட்டத்தில் எழுதினேன்: சுழிப்பிழை +0.02.
கையெழுத்துக்குப் போன குறிப்பேடு
சூப்பர்வைசரைத் தாண்டி
மாடிக்கு ஏறிவிட்டது.
எனக்கு வயிறு கலங்கியது.

மறுநாள் முதலாளி இறங்கிவந்தார்.
மைக்ரோவை வாங்கித் தினத்தாளில் சுற்றி
ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினார்.
என்னைப் பார்த்து, "எந்தூரு கண்ணு?"
சொன்னேன்.
"செரி," என்றார். அவ்வளவுதான்.

ஆறாம் நாள் திரும்பி வந்தது,
தேதி போட்ட ஸ்டிக்கரோடு, சுத்தமாய்.
ஏழாம் நாள் பொழுதோட
அசெம்ப்ளியிலிருந்து கூப்பாடு:
பேரிங் ஏறலை!
முப்பத்தெட்டு ஷாஃப்ட்,
முப்பத்தெட்டும் இரண்டு பாயிண்ட் தடிமன்.
யாரும் அசட்டையாய் இருக்கவில்லை.
அளந்தார்கள்.
கை, பழக்கப்படி, கழித்துவிட்டது.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.
சம்பூரணம் அக்கா ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
தன் கணக்குப் பிசகியதை நம்பாதவராய்.
"நான் அளந்து தர்றேங்க்கா."
எட்டாவது பத்தி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
அளப்பது உற்பத்தியா என்று
ஒப்பந்தத்தில் இல்லை.

வாசலில் பைக் ஹாரன் இரண்டு தரம்.
பிறகு இன்பராஜ் சாரே உள்ளே வந்தார்,
பிள்ளைகளை இன்னும் விடவில்லையா என்று கேட்க.
கேட்டாரா தெரியாது.
பன்னிரண்டு வருஷம் கரும்பலகையில் லேத் வரைந்தவர்
சட்டைக் கையை மடித்து
எமரித் தாளைப் பிடித்தபோது
பிர்ஜு அவர் முழங்கையைத் தொட்டு
கொஞ்சம் தள்ளி வைத்தான்.
ஏழரைக்கு முடிந்தது. எல்லோருக்கும் பரோட்டா.
அது எந்தப் பத்தியிலும் இல்லை.

மெஷின்மேல் சாக்பீஸில் யாரோ எழுதினார்கள்:
கழிக்காதே.
பத்தாம் நாளும் அக்கா அளந்துவிட்டு
அதை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

மாசியில் செய்முறைத் தேர்வு.
பள்ளி அலமாரியைத் திறந்து
வெல்வெட் பெட்டியிலிருந்து எடுத்தார்கள்.
வாயை மூடிப் பார்த்தேன்.
மூன்று கோடு.
ரெக்கார்டு நோட்டில் பதினொரு பேரும்
எங்களுக்கு முந்திப் படித்த அக்காக்களும்
ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது:
சுழிப்பிழை: இல்லை.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பேனா மூடியைக் கழற்றி
"இல்லை"யை அடித்தேன்.