ஒரு மீட்டர் தொண்ணூற்றொன்று

பிப்ரவரி. திரியெஸ்தே நகரம்.
கடல்பக்கம் நோக்கிப் பாயும் போரா காற்று
ஷோரூம் கண்ணாடியைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தது.
காலையிலிருந்து கதவு வழியே உள்ளே வந்தவை
யாருடையதோ ஒரு தொப்பி,
கம்பி முறிந்த குடை,
பதினொரு மணிக்கு நெரீனா கொசூத்தா அம்மாள்.

கைப்பை இல்லை. கையில் அளவு நாடா.

நான் மனப்பாடத்தைத் தொடங்கினேன்:
மூன்று கதவு வண்டி எங்கள் குலத்தின் மூத்த பிள்ளை,
வளைவில் திருப்பினால் நினைத்த இடத்தில் நிற்கும்,
வட்ட விளக்கு, வட்டத் திரை,
மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது.
(விலை கீர்த்தியைவிடப் பெரிது.
அதை மூன்றாம் பக்கத்தில்தான் சொல்ல வேண்டும்
என்று எங்களுக்குப் பயிற்சி.)

"அகலம்?" என்றார்.

கண்ணாடிகளை மடித்தால் ஒன்று எழுபத்தைந்து.

"என் கராஜ் சுவருக்குச் சுவர்
ஒரு மீட்டர் தொண்ணூற்றொன்று.
உள்ளே போய்விடுவேன். வெளியே வருவது எப்படி?"

இருபுறமும் எட்டு சென்டிமீட்டர்.
எட்டு சென்டிமீட்டரில் கதவு திறந்து
பூனை வேண்டுமானால் இறங்கலாம்.
அதுவும் சாப்பிடாத பூனை.

ஐந்து கதவு வண்டிக்கு நகர்ந்தேன்.
"திறக்காத கதவு இன்னும் இரண்டா?" என்றார்.

பெரியதைக் காட்டினேன். மலைப்பாதைக்கும் பனிக்கும்,
பின்னால் நாய்க்கும் நாயின் படுக்கைக்கும் இடம்.
அவர் அதைச் சுற்றி வந்தார், நாடாவை நீட்டவேயில்லை.
"இது ஒரு சின்ன வண்டி
இன்னொரு சின்ன வண்டியை விழுங்கியது போல இருக்கிறது.
இதையும் சின்ன வண்டி என்றுதான் விற்கிறீர்களா?"
ஆமாம் அம்மா. வளர்ந்த பிள்ளையையும்
வீட்டில் குட்டி என்றுதானே கூப்பிடுகிறோம்.
அவர் சிரிக்கவில்லை.

மின்சார வண்டியிடம் கொஞ்சம் நேரம் நின்றார்.
சத்தமில்லாமல் போகும் என்றேன்.
"கராஜில் ஒரே ஒரு பல்பு.
அதை மறந்து எரியவிட்டாலே
மேல்மாடி வித்மார் மாடியிலிருந்து இருமுவார்.
இது இரவெல்லாம் குடித்தால்
அவருக்குக் காசநோயே வந்துவிடும்."

மிச்சமிருந்தது ஓரத்தில் சிவப்பாக ஒன்று.
கூரை மடியும் வண்டி.
இந்த ஊரில் அதைக் கோடையில்கூட யாரும் கேட்பதில்லை.
போரா அடிக்கும் நாளில் கூரையைத் திறந்தால்
ஓட்டுகிறவரின் முடி ஸ்லோவேனியாவிலிருந்து புறப்பட்டு
வெனிசில் போய் இறங்கும்.
போன மாதம் மேனேஜர்
அதன்மேல் காலண்டர்களை அடுக்கிவைத்திருந்தார்.

"கூரை திறக்க எவ்வளவு நேரம்?"

பதினெட்டு விநாடி.

ஏறி உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினார்.
கூரை முனகிக்கொண்டு பின்னால் மடிந்தது.
அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம்
துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்தவர்,
ஆடும் கப்பல்களில் கயிற்றேணி ஏறியவர்.
அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.
அப்போது தெரிந்தது இவ்வளவே:
இருக்கையின்மேல் எழுந்து நின்றார்,
பின்சீட்டைத் தாண்டினார்,
டிக்கியின்மேல் ஒரு கால் வைத்து
கப்பலிலிருந்து படகுக்கு இறங்குவது போலத்
தரையில் இறங்கினார்.

சிவப்புப் பெயின்டில் முப்பத்தேழாம் எண் பூட்ஸ் தடம்.
நான் கத்தியிருக்க வேண்டும்.
என் சட்டைக் கையால் துடைத்தேன்.

"இன்னொரு முறை," என்றார்.
இரண்டாவது முறை கைப்பிடிகூடத் தேவைப்படவில்லை.

ஒன்பது வருடமாக இந்த வண்டிகளை விற்கிறேன்,
பஸ்ஸில் வீடு திரும்புகிறேன்.
வெயில், கடற்கரை, கழுத்துத் துணி பறக்கும் காதல்
என்று அந்தக் கூரைக்கு எத்தனையோ காரணம்
அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.
இது எந்தத் தாளிலும் இல்லை.

படிவத்தை நிரப்பும்போது
மனசாட்சி சும்மா இருக்கவில்லை.
"கராஜில் இறங்கத் திறந்துதானே வைக்க வேண்டும்?
இரவு மழை வந்தால்?"

பேனாவை மூடிவிட்டு
எண் கூட்டத் தெரியாத பையனைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"கராஜுக்குக் கூரை இருக்கிறது, தம்பி."