கூம்புக்கு எத்தனை முனை

இரவு ஒன்றரை.
லெபோ கிங்கும் லெபோ பசாரும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
வால்வு மூடிமேல் இரும்புக் கோலை ஊன்றி
மறுமுனையில் காது வைக்கிறேன்.
பகலில் இங்கே வடை மணக்கும், கடைக்குக் கடை பாட்டு இரையும்.
இப்போது தாருக்கு அடியில்
யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுகிறார்கள்.

'போச்சோர்?' என்கிறான் சுஹைமி.
ஆமாம், ஒழுகுது.

கைக்கருவித் திரையில் ஊர் வெறும் புள்ளியும் கோடும்.
கோயில் இல்லை, பள்ளிவாசல் இல்லை,
நாசி கண்டார் வரிசை இல்லை.
குழாய் கோடு, வால்வு புள்ளி.
கோணலாய்ப் போட்டாலும் நேராய்ப் போட்டாலும் ஒன்றுதான்,
எது எதைத் தொடுகிறது என்பதே கணக்கு.
பதினோரு வருடக் காது சொல்கிறது:
கோடு சும்மா உடையாது, மூட்டுதான் விட்டுக்கொடுக்கும்.
ஒற்றைக் கோடு வந்து நின்றுவிடும் புள்ளியில்
தண்ணீர் துருவேறிக் கிடக்கும்.
மாதம் ஒருமுறை திறந்து வடிக்காவிட்டால்
அந்த வீட்டுக்காரர் நம்மைத் திட்டுவார்.

கோப்பி-ஓ ஆறும் நேரத்தில் போனைப் பார்க்கிறேன்.
யுகேந்திரன். அண்ணன் மகன். மூன்றாம் ஆண்டு.
ஒன்பது மணிக்கே அனுப்பிய குரல்:
'அத்த, சப்பாத்துப் பெட்டிக்கு எட்டு முனை, பன்னெண்டு விளிம்பு.
அது தெரியும். கூம்புக்கு?
டீச்சர் ஒரு முனைங்கிறாங்க.
ஆனா அதுக்கு ஒரு விளிம்புகூட வரலியே,
அடியில இருக்கிற வட்டம் தொடவே இல்ல.
அப்புறம் எப்படி முனை?'
பின்னால் இன்னொரு குரல்: யாருகிட்டடா பேசுற?
பதிவு அங்கேயே அறுந்துவிட்டது.

அண்ணன் பட்டர்வொர்த்தில்.
நான் ஆயர் ஈத்தாமில், பதினான்காவது மாடி.
நடுவே அம்மாவின் நாலு வளையல், ஒரு கையெழுத்து, ஆறு வருடம்.

போன வருடம் கம்பெனி வகுப்பில் ஒருவர் சொன்னார்:
எந்தக் கோட்டை எடுத்தால் வலை இரண்டாகுமோ
அதற்குப் பெயர் பாலம்.
'அப்படின்னா பினாங்குப் பாலம் பாலமே இல்ல சார்,
ரெண்டாவது கட்டியாச்சே, ஃபெரி வேற ஓடுது' என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.
மோட்டாரில் வீடு திரும்பும்போதுதான்,
ஃபார்லிம் சிவப்பு விளக்கில்,
அம்மா போனபின் மிச்சமிருக்கும் கோட்டை எண்ணினேன்.
ஒன்று.
ஒன்பது வயது, முன்பல் இல்லை.

ஆற்றைக் கடலடியில் நடத்திக் கொண்டுவருகிறார்கள்.
நான் காது வைத்துக் கேட்பதெல்லாம்
அவன் கரையில் புறப்பட்டது.

மூன்று வால்வும் மூடியாயிற்று.
படத்தில் இந்தப் புள்ளிக்கு மூன்றே கோடு.
பல்லிடுக்குச் சத்தம் நிற்கவில்லை.
சுஹைமி என்னைப் பார்க்கிறான், நான் படத்தைப் பார்க்கிறேன்.
தோண்டினோம்.
முழங்கால் ஆழத்தில், கடைகளின் அடிவயிற்றுப் பக்கமிருந்து
ஒரு பழைய ஈயக் குழாய்,
எவரும் வரையாதது, எவரும் மூடாதது,
வந்துகொண்டே இருந்திருக்கிறது.

மூன்றே முக்கால்.
சேறு பட்ட கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பேசினேன்:
'யுகேன், கூம்பு மேல விரல வழுக்கி மேல கொண்டுபோ.
எந்தப் பக்கமிருந்து ஏறினாலும் அங்கதான போய் நிக்குது?
கோடு போடல, அவ்வளவுதான்.
டீச்சர் சொன்னதையே எழுது. எனக்கும் சந்தேகம்தான்.'

திரையில் நான்காவது கோட்டை இழுத்தேன்.
எங்கிருந்து வருகிறது என்ற கட்டத்தில்
தெரியாது என்று நிரப்பினேன்.
சுஹைமி மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

நாலு இருபதுக்கு
இரண்டு டிக்கும் நீலமாயின.
யுகேன் இந்நேரம்
போர்வையை உதைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான்.