மும்முனைத் திருகு

குன்னூர் மார்க்கெட் மாடியில் என் மேசை.
மூன்று கம்பெனி வயிறு திறந்து கிடக்கிறது.

முதலாவதுக்கு மும்முனைத் திருகு:
காசு கொடுத்தது நீ, சாவி அவர்களிடம்.
அடுத்ததைப் பசைபோட்டு ஒட்டியிருக்கிறார்கள்;
ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி காலி.
மூன்றாவது பேரில்லாத மலிவுச் சரக்கு,
நகத்துக்கே வாய் திறந்து
உள்ளே ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்கிறது.

மூன்றிலும் ஒரே பச்சைப் பூஞ்சை.
எங்கள் பனிமூட்டம் விலை பார்த்து நுழைவதில்லை.

"இதுல எதுக்கா நல்லது?"
நைட் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்த லோகிதாசன்.
விரலில் இன்னும் தேயிலைத் தூள்.

அவன் ஆட்டக்காரன்
தொடாமலே இடப்பக்கம் நடக்கிறான்.
அந்தச் சின்னக் குமிழைக் கம்பெனி தனியாக விற்காதாம்,
முழுசும் புதுசு வாங்கணுமாம்.

செத்த ரிமோட் ஒன்றிலிருந்து பிடுங்கிப் பற்றவைத்தேன்.
எது நல்லதோ, தம்பி,
இப்போது நேராக நடக்கிறானா பார்.