அளவுக்கு வராத மழை

காலை எட்டரை.
அணைக்கட்டு ஒன்றிய அலுவலகத்தின் பின்புறம்
கம்பி வேலிக்குள் ஒரு கம்பம்,
சூரியத் தகடு, பேட்டரிப் பெட்டி.
கால் மணிக்கு ஒருமுறை தானே வானத்தை அளந்து
தானே சென்னைக்குச் சொல்லிவிடும்.
நான் எதற்கு என்று அது கேட்டதில்லை.
சம்பளம் போடுகிறவர்களும் இன்னும் கேட்கவில்லை.

இரண்டு முறை பேட்டரி களவு போனபின்
நானே ஒரு பலகை மாட்டினேன்:
அபாயம், உயர் மின்னழுத்தம்.
மண்டையோடு வரைந்தவன் சம்பங்கி,
லாரிக்கு நம்பர் எழுதுகிறவன், சரியான எம்டன்;
பல்லை மட்டும் கொஞ்சம் சிரிக்கவைத்துவிட்டான்.
உள்ளே ஓடுவது பன்னிரண்டு வோல்ட்.

அதனால்தான் அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது:
நாற்பத்து மூன்றாம் வருஷம், இங்கே ஐப்பசி.
லாப்ரடார் கரையில், ஆளில்லாப் பாறைமேல்
ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று
வானிலை நிலையத்தை நட்டுவிட்டுப் போனதாம்.
பத்து உருளை, ஒரு கம்பம், மூன்று மணிக்கொரு சேதி.
மேலே, கனடாவில் இல்லவே இல்லாத
ஓர் இலாகாவின் பெயர்.
சுற்றிலும் அமெரிக்க சிகரெட்டின் காலிப் பெட்டிகள்.
அங்கேயும் ஒரு சம்பங்கி இருந்திருக்கிறான்.
எம்டன் என்பது ஜெர்மன் கப்பல் என்றோ
பட்டணத்தில் ஓர் இரவு குண்டு போட்டு
ஒரு சொல்லை விட்டுப்போனது என்றோ
எங்கள் சம்பங்கிக்குத் தெரியாது.

அது சில நாள் பேசியது. பிறகு வாயடைத்தது.
எண்பத்தொன்றில்தான் யாருடையதென்று தெரிந்து
கழற்றி எடுத்தார்கள்.

எண்பத்தொன்று.
வேலூரைக் கேலி செய்ய ஒரு பட்டியல் உண்டு:
தண்ணியில்லா ஆறு, ராசாயில்லாக் கோட்டை,
மரமில்லா மலை, சாமியில்லாக் கோயில்.
அந்த வருஷம்தான் கடைசி வரி பொய்யானது.
சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தை ஏற்றிவந்து
கோட்டைக்குள் வைத்தார்கள்.
இதில் அர்த்தம் ஏதும் இல்லை.
பதிவேடு எழுதுகிறவன் மேல் தேதிகள் ஒட்டிக்கொள்ளும்.

வரைபடங்களில் இன்னும் பெரிய ஆசைகள் இருந்தன:
அட்லாண்டிக்கைத் தாண்டும் இரண்டடுக்கு ராக்கெட்,
நீர்மூழ்கி இழுத்துப்போகும் பெட்டிக்குள் இன்னொன்று,
காற்றின் மேல்தோலில் ஓட்டாஞ்சில்லுபோலத்
தத்தித் தத்தி நியூயார்க் போகும் விமானம்.
எங்கள் பாலாற்றில் சில்லு தத்தாது.
முதல் தத்திலேயே மணல் வாங்கி வைத்துக்கொள்ளும்.
அவர்களுடையதும் அப்படியே ஆயிற்று.

ஸ்வால்பார்டு பனியில் பதினொருவர்.
மே மாதம் போர் முடிந்தது என்றது ரேடியோ.
கூட்டிப்போக யாரும் வரவில்லை.
கோடை முழுக்கக் காத்திருந்தார்கள்,
தோற்றவர்கள், தோல்வியை ஒப்படைக்க ஆளில்லாமல்.
செப்டம்பரில் சீல் வேட்டைப் படகு ஒன்று வந்தது.
தலைவன் கைத்துப்பாக்கியை நீட்டினான்.
இதை நானே வைத்துக்கொள்ளலாமா
என்று கேட்டானாம் படகுக்காரன்.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் படித்தேன்.
அடுத்த பக்கத்தில் ஒரு மலை.
ஆஸ்திரியாவில், எபன்சே.
அந்த ராக்கெட் வேலைக்கென்றே குடைந்த சுரங்கங்கள்.
குடைந்தவர்கள் கைதிகள்.
ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.
ராக்கெட் அதற்குள் வரவே இல்லை.
புத்தகத்தை மூடி, வேலிக் கதவையும் எதற்கோ சாத்தினேன்.

மழைமானியில் ஒரு வழக்கம் உண்டு.
மண் நனைந்திருக்கும், கம்பியில் துளி நிற்கும்,
குவளையில் ஊற்றினால் முதல் கோட்டைத் தொடாது.
அதைப் பூஜ்யம் என்று எழுதக் கூடாது.
அதற்கென்று தனி எழுத்து இருக்கிறது.

இன்று கத்திரி ஏழாம் நாள். நேற்று நூற்றுப் பதினொன்று.
விடியலில் மலைப்பக்கமிருந்து நாலு துளி.
ஆட்டை ஓட்டிவந்த கஜபதி வேலிக்கு வெளியே நின்றான்.
'இன்னா சார் சொல்து மெஷினு?'
'மழை இல்லைன்னுது.'
அவன் தன் தோளைத் தொட்டுப் பார்த்தான்.
பிறகு விரலை என் பக்கம் நீட்டினான்.

பேனா மூடியைக் கழற்றி
அந்தத் தனி எழுத்தை எழுதினேன்.