ல் முதல் மி வரை

ஞாயிறு காலை கயிற்று மணி அடித்தால்
ரொட்டிக்காரனாக இருக்கும்,
இல்லையென்றால் வீரபத்திரன்.
ரங்கூனில் எங்கள் தெருவில் பால்கனிக்கு ஒரு கயிறு,
நுனியில் ஒரு கிளிப்.
ஐந்தாம் மாடிக்காரன்
என் மூன்றாம் மாடியைத் தாண்டி இறங்கிப் போய்,
தெருவில் நின்று,
காலண்டர் தாளைக் கிளிப்பில் மாட்டி மணியை இழுப்பான்.
வருகிற வழியில் கதவைத் தட்டினால் ஆகாதா
என்று நான் கேட்டதில்லை.
குறுக்கெழுத்துக்காரனிடம் நேர்வழி கேட்கக் கூடாது.

தாளின் முன்பக்கம் போன மாதம்,
பின்பக்கம் கட்டங்கள்.

நான் பல் செட் செய்கிறவள்.
மேசையில் கோப்பைக்குள்
யார் யாருடைய சிரிப்போ ஊறிக்கொண்டிருக்கும்.
மெழுகு இறுகும் நேரத்தில் விடை தேடுவேன்.

கடைசித் தாளை விளக்குகிறேன்.

"அம்மா சுமந்ததில் அழுக்கு." இரண்டெழுத்து.
பொருளை விடுங்கள், எழுத்தைப் பாருங்கள்.
முன்னால் அம் போகட்டும், பின்னால் மந்ததில் போகட்டும்,
நடுவில் ஒட்டிக்கொண்டிருப்பது மாசு.
(அவன் அம்மாவைப் பற்றி இதில் எதுவும் இல்லை.
இல்லை என்றுதான் நினைக்கிறேன்.)

"எங்கோ துப்பிய சக்கை." அதே களவு.
கோது, ஆரஞ்சைச் சப்பிவிட்டு எறிவது.

"இறைச்சி கொடு, கத்தரிப்பூ நிறத்தில்."
இதற்கு அரை நாள் போனது.
ஊ என்றால் இறைச்சி.
கோயில் மாலை வகுப்பில் ஓரெழுத்துச் சொற்களை ஒப்பித்தபோது
எதற்கு என்று தெரியவில்லை, இதற்குத்தான் போல.
கொடு என்றால் தா. ஊதா.

"மாமன் கட்டியது பாதி மாமிசம்."
சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது.
முப்பத்தெட்டு வயதில் எனக்கா
இந்த மாமி?

அழுக்கு, சக்கை, ஒரு நிறம், ஓர் உறவு.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
உள்ளே ஒன்று இருக்கிறது, தமிழில் தேடாதே.

மொகிங்கா வாங்கக் கீழே போனேன்.
"மா சு, இன்னொரு கரண்டி" என்றார் யாரோ பர்மியில்.
கிண்ணத்தோடு நின்றுவிட்டேன்.

மா சு. தரைத்தளம், மீன் குழம்புப் பானை.
கோ து. முதல் மாடி, சைக்கா ஓட்டுகிறவர்,
வெற்றிலையை எங்கே துப்புகிறார் என்று
மாடிப்படிச் சுவருக்குத் தெரியும்.
ஊ தா. இரண்டாம் மாடி.
கரண்ட் வந்ததும் மோட்டார் போடச் சொல்லிக் கத்துகிறவர்,
லுங்கியின் நிறம்கூடச் சரி.
மா மி.
வீட்டில் நான் தில்லைநாயகி,
அரசாங்க அட்டையில் மி மி வின்.
அக்கா, அண்ணன், ஐயா, அக்கா என்று
கீழிருந்து மேலாக அடுக்கியிருக்கிறான்.
கட்டத்துக்குள் ஒரு ட போட்டால் கட்டடம்.
நாலாம் வரிசை முழுக்கக் கறுப்பு.
நாலாம் மாடியில் ஆளில்லை, அதுவும் சரி.

எல்லாவற்றுக்கும் மேலே ஐந்தாம் வரிசை:
"உன் மேசைமேல் இருப்பதும் அதனுள் கிடப்பதும்
சேர்ந்தால் புறப்படும்." நாலெழுத்து.
கப். பல்.
மாவும் இல்லை கோவும் இல்லை,
இந்தப் பெயரில் மேலே யாரும் குடியிருக்கவில்லை.
அவன் தப்பு வைக்கிறவனும் அல்ல.

ஏறிப் பார்த்தேன். பூட்டு.
வார்டு ஆபீசில் பையன்களின் பெயர்களைச்
சீட்டுக் குலுக்கிய வாரம் அது.
அவனுடைய இரண்டு பெயரில் எது வந்தது,
எந்தத் துறைமுகம், இஞ்சின் அறையா அடுக்களையா
என்று யாரும் சொல்லவில்லை.
அந்த வாரங்களில் நாங்கள் கேட்பதுமில்லை.

முழுக்கக் கறுப்பு என்றேனே, அது பிழை.
கப்பலின் கடைசி எழுத்துக்கு நேர் கீழே
ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக விட்டிருக்கிறான்,
அதற்குக் கீழே என் மி.
எண் இல்லை, குறிப்பும் இல்லை.
மேலிருந்து கீழ் மூன்றெழுத்து, ல்லில் தொடங்கி.

ல்லில் தொடங்கும் சொல் தமிழில் கிடையாது.
எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.
பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாக வைத்து
அழித்து, தாள் அந்த இடத்தில் மெலிந்து,
முன்பக்கத்துத் தேதி ஒன்று தெரிகிறது.

மணி அடிக்கிறது.
கயிற்றை இழுக்கிறேன்.
ரொட்டி.